கூட வந்தது

என் மகன் ஜிம்முக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்குள் டின் மீனும் வர ஆரம்பித்துவிட்டது. நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், மூன்றாவது மாடி. சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஏதோ திருட்டுக் காரியம் செய்கிறவன் போல டின்னின் வளையத்தைப் பிடித்து இழுக்கிறான். பிறகு மூடியை உள்பக்கமாக அழுத்திச் சாய்த்து, உள்ளே இருக்கிற தண்ணீரையெல்லாம் சிங்க்கில் வடிக்கிறான். மறுநாள் கீழ் வீட்டு மாமி படிக்கட்டில் என்னை நிறுத்தி, "குழாய்லேர்ந்து ஏதோ வாடை வர்றதே, உங்காத்துல வரலையோ?" என்று கேட்கிறார். வரவில்லையே மாமி என்று சொல்லிவிட்டு நான் வேகவேகமாக மாடியேறுகிறேன்.

போன வாரம் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன், இனிமேல் சிங்க்கில் ஊற்றாதே என்று.

"அப்புறம் இந்தத் தண்ணிய என்னம்மா பண்றது?" என்றான்.

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குத்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஒரு கேள்விக்கு விடிய விடியப் பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதர் எனக்குத் தெரியும். அவர் இங்கே இருந்திருந்தால் முதலில் அந்தத் 'தண்ணி' என்ற வார்த்தைக்கே கோபித்துக்கொண்டிருப்பார்.

இவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் அரியமங்கலத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே பட்டறையில் வேலை. மாடியில் நாங்கள்; கீழே ஒற்றை அறையும் சமையல்கட்டும் உள்ள போர்ஷனில் புதிதாக ஒருவர் குடிவந்திருந்தார். மலேசியாவில் பல வருஷம் இரும்பு வேலை பார்த்தவர். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குத் திரும்பி, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட, தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தவர். நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. கல்யாணம் ஆகவில்லை. அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அவரோடு நான் முதலில் பேசியது ஒரு மீன் டின்னால்தான். கோலாலம்பூரிலிருந்து வந்த தெரிந்தவர் ஒருவர் தக்காளிச் சாற்றில் போட்ட மத்தி மீன் டின் ஒன்றைக் கொடுத்திருந்தார். எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை. மார்க்கெட்டில் வாங்கிய மீனைப் போல நாலு தண்ணீர் விட்டு அலசிவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்று நினைத்தேன். மாடிக் குழாயடியில் உட்கார்ந்து டின்னைச் சாய்த்ததுதான் தாமதம், கீழே இருந்து ஒரு கத்தல்.

"அக்கா! நிறுத்துங்க! ஊத்தாதீங்க!"

படியில் தடதடவென்று ஏறி ஓடி வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். விஷம் கிஷம் கலந்த டின்னோ என்று பயந்து நான் அதை அப்படியே கீழே போட்டுவிட்டேன். சிவப்பாகச் சாறு வழிந்து சாக்கடை ஓட்டையை நோக்கிப் போனது. அவர் டம்ளரைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாவு வீட்டுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தவர் முகம் போல இருந்தது.

"கூட வந்ததுங்க அது," என்றார்.

"எதுகூட?"

"மீன்கூட. அங்கேருந்து கப்பல்ல, பிளேன்ல எல்லாம் ஒண்ணா வந்திருக்கு. இவ்வளவு தூரம் வந்ததுக்கப்புறம் இங்க வச்சுப் பிரிக்கிறீங்களே."

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "யாருடி அது?" என்றார்.

"கீழ் வீட்டுக்காரரு. மீன் தண்ணிக்குத் துக்கம் விசாரிக்க வந்திருக்காரு," என்றேன்.

அதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தண்ணின்னு சொல்லாதீங்க அக்கா, அதான் வருத்தமா இருக்கு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து அவர் என்னை அக்கா என்றார்; நான் அவரை அண்ணே என்றேன். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பதைக் கடைசிவரை இரண்டு பேருமே ஒத்துக்கொள்ளவில்லை.

மலேசியாவிலிருந்து திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிற அவருடைய பழைய சிநேகிதர்கள் தைலம், சாக்லேட், துண்டு என்று எல்லோருக்கும் கொடுப்பார்கள். இவருக்கு மட்டும் டின். அவர் அறையில் ஒரு அலமாரி முழுக்க டின்னாகவே இருக்கும். புரட்டாசி மாதம் முழுவதும் அவரும் எங்களைப் போலவே கவிச்சியைத் தொடமாட்டார். ஆனால் அடிக்கடி அலமாரியைத் திறந்து டின்களைத் துடைத்து, திருப்பித் திருப்பி அடுக்கி வைப்பார். மாதம் முடிந்த மறுநாள் காலையில் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

அவர் கணக்கில் டின்னுக்குள் இருப்பது மூன்று விதம். எண்ணெயில் வந்தது, உப்புத் தண்ணீரில் வந்தது, தக்காளியில் வந்தது. எண்ணெயில் வந்ததை வடித்து வைத்துக்கொண்டு வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்க வேண்டும்; முட்டை பொரித்தால் இன்னும் நல்லது. உப்புத் தண்ணீரை அப்படியே குழம்பில் ஊற்றிவிட வேண்டியது, தனியாக உப்பு போடக்கூடாது. கத்தரிக்காய்க் குழம்பு என்றால் ரொம்பப் பொருத்தம். தக்காளிச் சாறு இருக்கிறதே, அதில் கொஞ்சம் புளியும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் கொதிக்க விட்டால் குழம்பு பாதி முடிந்தது. இதையெல்லாம் அவர் சொல்கிறபோது மீனைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மீன் ஏதோ அந்தச் சாற்றுக்குத் துணையாக வந்த மாதிரி இருக்கும் பேச்சு.

அவர் செய்ததெல்லாம் நன்றாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ஒருமுறை சூரை மீன் தண்ணீரில் ரசம் வைத்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, எதுவும் பேசாமல் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். இன்னொரு முறை மீன் எண்ணெயில் தோசை வார்த்தார். பக்கத்து வீட்டு ஆள் காஸ் கசிகிறதோ என்று வந்து எங்கள் வீட்டு சிலிண்டரை மூடிவிட்டுப் போனார்.

ஒரு நாள் ஒரு டின் இரண்டு பக்கமும் உப்பிப் போயிருந்தது. அதை மட்டும் அவர் திறக்கவில்லை. பையில் கட்டிக் குப்பையில் போடக் கொண்டுபோனார். விடுவாரா என் வீட்டுக்காரர்!

"என்னங்க, கூட வந்ததாச்சே. அதைப் போய்க் கொட்டுறீங்க?"

"இது கூட வந்தது இல்லைங்க சார். நடுவுல புகுந்தது," என்றார் அவர்.

எங்கள் வீட்டில் அது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. அழைக்காமல் வந்து உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுகிற விருந்தாளி போனதும், என் வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு, "நடுவுல புகுந்தது," என்பார்.

டின்னோடு நிற்கிற குணமில்லை அது. அவர் குடிவந்தபோது, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு கிழட்டுப் பூனை அந்த வீட்டில் இருந்தது. விரட்டிவிடுங்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார். "வீட்டுகூட வந்ததுங்க," என்று சொல்லி இவர் அதற்கு ஒரு சாக்கு விரித்துப் போட்டார். டின் மீனில் ஒரு துண்டைக் கழுவி அதற்குக் கொடுப்பார். சாறு மட்டும் தரமாட்டார், உப்பு பூனைக்கு ஆகாதாம்.

அப்புறம் அந்த வண்டி. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை யாரிடமோ வாங்கினார். அதன் ஹெட்லைட்டுக்கு மேலே, பழைய சொந்தக்காரர் தன் மகள் பெயரை எழுதி வைத்திருந்தார்: கீர்த்தனா. சுற்றிலும் இரண்டு ரோஜாப்பூ வேறு. வண்டி வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தங்கள் பிள்ளை பெயரையோ குலசாமி பெயரையோ எழுதிக்கொள்வார்கள். இவர் அதைத் தொடவில்லை. பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் தானே புதுப் பெயிண்ட் வாங்கித் தீட்டினார். கேட்டதற்கு, "வண்டிகூட வந்ததுங்க அக்கா. யாரோ ஆசையா எழுதினது," என்றார்.

வண்டியில் மகள் பெயர் இருந்தால் ஓட்டுகிறவர் அந்த மகளுக்கு அப்பாதான், இதில் சந்தேகம் என்ன? பட்டறையில், டீக்கடையில், வெல்டிங் ராடு வாங்குகிற கடையில் எல்லோருக்கும் அவர் 'கீர்த்தனா அப்பா' ஆகிப்போனார். "கீர்த்தனா அப்பா, ஒரு கை பிடிங்க", "கீர்த்தனா அப்பாவுக்கு ஒரு டீ போடுப்பா" என்பார்கள். ஒருவரிடம் விளக்கிச் சொன்னால் அவர் சிரித்துவிட்டு மறுநாளும் அப்படியே கூப்பிடுவார். கடைசியில் இவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். அதுவும் கூடவே வந்ததுதானே!

என் சித்தி மகள் மகேஸ்வரி மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையின் ஆபீசில் வேலை பார்த்தாள். கல்யாணமாகி, அது சரிப்பட்டு வராமல் கோர்ட்டில் போய் முடிந்து, யாழினி என்ற ஒன்றாம் வகுப்புப் பெண்குழந்தையோடு பிறந்த வீட்டில் இருந்தாள். அவளுக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்று சித்தியும் சித்தப்பாவும் துடித்தார்கள். அவர்களிடம் ஒரு திட்டமும் இருந்தது. குழந்தை தாத்தா பாட்டியிடம் இருந்துகொள்ளும், மகேஸ்வரி மட்டும் போக வேண்டியது. பிள்ளையோடு வருகிறவளை எவன் ஏற்றுக்கொள்வான் என்பது சித்தியின் கேள்வி. அந்தத் திட்டத்தைச் சித்தி சொல்கிறபோதெல்லாம் மகேஸ்வரி யாழினியை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு, ஏற்கெனவே பின்னியிருக்கிற சடையை அவிழ்த்து மறுபடி பின்னுவாள்.

நான்தான் அவரிடம் பேச்சை எடுத்தேன். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். குழந்தை இருப்பதைச் சொன்னபோது அவர் முகத்தையே பார்த்தேன். அவர் பூனைக்கு மீன் கழுவிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க அக்கா. டின்னு இருக்கு, நானே சமைக்கிறேன்," என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்குத் தூக்கமே இல்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிற மனிதர்தான். ஆனால் பூனையும் பெண்குழந்தையும் ஒன்றா? சாற்றைக் கொட்டாதவன் மனசு எப்படி இருக்கும் என்று டின்னைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? இவர் வேண்டாம் என்றால் வேறு ஆள் பார்க்கலாம். குழந்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மகேஸ்வரி சித்திக்குப் பயந்து தலையாட்டிவிடுவாளே என்றுதான் என் பயமெல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை சித்தியும் மகேஸ்வரியும் யாழினியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சித்தப்பா மட்டும் தொழிற்பேட்டை முனையிலேயே இறங்கிக்கொண்டாராம், மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க. இவர் எங்கள் சமையலறையில், புதுச் சட்டை மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, தக்காளி டின்னைத் திறந்து சாற்றை ஒரு சொட்டு சிந்தாமல் கிண்ணத்தில் சாய்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சித்தப்பா படியேறி வந்தார். மூச்சு வாங்குகிறது, முகம் சிவந்திருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பொண்ணு இருக்காமே? கீர்த்தனான்னு?"

மகேஸ்வரி முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அவரோ புதுமனிதர்களுக்கு முன்னால் வாய் குழறுகிறவர். டின்னைக் கையில் பிடித்தபடி, "ஆமாங்க," என்றார். பிறகு, "கீழதான் நிக்குது," என்றார்.

"நிக்க வச்சிருக்கீங்களா? இந்த வெயில்ல?" என்று சித்தி அலறினாள்.

சித்தப்பா ஒரே எட்டில் மாடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார். கீழே வேப்பமர நிழலில் வண்டி நின்றது. சீட்டின் மேல் பூனை படுத்திருந்தது. முன்னால், ரோஜாப்பூக்களுக்கு நடுவில், கீர்த்தனா.

என் வீட்டுக்காரரால் விளக்கிச் சொல்லவே முடியவில்லை, அப்படி ஒரு சிரிப்பு. நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார், பிறகு அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். மகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அந்தச் சந்தோஷத்திலேயே சித்தப்பா சொல்லிவிட்டார். "நல்லதுங்க, நம்ம பக்கமும் ஒண்ணு சொல்லிடறேன். பாப்பா எங்ககூடவே இருந்துக்கும். அதைப்பத்தி நீங்க ஒண்ணும் கவலைப்பட வேணாம். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருங்க."

அவர் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். உள்ளே போய்ப் பார்த்தால் மகேஸ்வரி சிரித்த வாயோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள், கண்ணில் மட்டும் தண்ணீர்.

சாப்பிட உட்கார்ந்தோம். அவர்தான் பரிமாறினார். மற்றவர்களுக்கெல்லாம் மீனும் குழம்புமாக வைத்துக்கொண்டு வந்து, யாழினியின் தட்டுக்கு முன்னால் குனிந்து, "பாப்பாவுக்கு எந்தத் துண்டு வேணும்?" என்றார்.

யாழினி தட்டின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டாள். "மீன் வேணாம். குழம்பு மட்டும் ஊத்துங்க."

"மீனும் சாப்பிடணும்டி, மரியாதையா வாங்கிக்க," என்று சித்தி அதட்டினாள்.

அவர் கரண்டியோடு அப்படியே நின்றார். லாட்டரி விழுந்தவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். ஊற்றினார். அவள் பிசைந்து சாப்பிட்டுவிட்டு இன்னும் என்றாள், மறுபடி ஊற்றினார். சாதம் குளமாகிற வரைக்கும் ஊற்றினார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அதுவரை 'ஐயா, ஐயா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"மாமா, எனக்கு வடிச்சு எடுத்துப் பழக்கமில்லைங்க."

சித்தப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன சொல்றாரு?" என்று எங்களைப் பார்த்தார்.

"ரெண்டு பேருமே வரணும்ங்கறாரு," என்றார் என் வீட்டுக்காரர். "அதுக்கு முன்னாடி சொன்னாரே மாமான்னு, அதைக் கவனிங்க."

சித்தி அழ ஆரம்பித்தாள். நானும்தான். மகேஸ்வரி அழவில்லை. எழுந்து போய், அவர் தட்டில் சாதம் போட்டு, சட்டியில் மிச்சமிருந்த குழம்பை வழித்து ஊற்றினாள்.

வயலூர் கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. மாலை மாற்றிய கையோடு சித்தி என்னிடம், "இனிமே அண்ணேன்னு கூப்பிடாதடி, முறை கெட்டுடும்," என்றாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. இன்றுவரை அவர் எனக்கு 'இங்க பாருங்க'தான். அவர்கள் இப்போது தொட்டியத்தில் இருக்கிறார்கள். கேட், கிரில் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். நன்றாக ஓடுகிறது என்று மகேஸ்வரி போனில் சொல்கிறாள்.

எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஒரு மாலை. அவர்கள் இன்னும் கீழ் வீட்டில்தான் இருந்தார்கள். யாழினி அவரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டாள். பூனையை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே அலைவாள். ஆனால் அவரை எப்படியும் கூப்பிடமாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் எதிரே போய் நின்று பேச ஆரம்பித்துவிடுவாள், அவ்வளவுதான். அது அவருக்கு ஒரு குறையாக இருந்தது என்று எனக்குத் தெரியும். ஊரெல்லாம் கீர்த்தனா அப்பா என்று கூப்பிடுகிறபோது, வீட்டில் இருக்கிற பெண் கூப்பிடவில்லையே!

அன்றைக்கு வண்டியைக் கழுவித் துடைத்து, கீர்த்தனாவுக்குக் கீழே புதிதாக யாழினி என்று எழுதியிருந்தார். அதற்கும் இரண்டு ரோஜாப்பூ. யாழினி பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தவர் நின்று பார்த்தார்.

"சரி, கீர்த்தனா வண்டிகூட வந்தது. யாழினி மகேஸ்வரிகூட வந்தது. உங்க பேரை எங்கயும் காணோமே, நீங்க எதுகூட வந்தீங்க?"

அவர் சிரித்தார். "நான் எதுகூடயும் வரலை சார். நடுவுல புகுந்த ஆளு நான்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தக் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

யாழினி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. "இல்ல பெரியப்பா," என்றாள். "நானும் அம்மாவும் வந்தோம்ல? அப்பா எங்ககூட வந்தது."

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர் அவர். சட்டென்று வண்டிக்கு மறுபக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். என்ன ஆச்சு என்று நான் கேட்டதற்கு, "செயின் லூசா இருக்கு அக்கா, பாக்குறேன்," என்றார்.

அந்த வண்டிக்கு முழுச் செயின் கவர் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் செயின் தெரியவே தெரியாது. அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.